சரளைச் சாலைக்குத் தார் போடும் முன்

கிராமப்புறச் சரளைச் சாலை ஒன்றுக்குத் தார் போட முடிவாகிவிட்டது என்றால் அந்த வழியில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். மகிழ நியாயமான காரணங்களும் உண்டு. வெயில் காலம் முழுக்க வீட்டுக்குள் வந்து படியும் புழுதி நிற்கும். மழைக்காலச் சேற்றில் சக்கரம் புதையாது. பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை ஏற்றிய வண்டி குலுங்காமல் சீக்கிரம் மருத்துவமனை போய்ச் சேரும். விளைந்த பொருள் அடிபடாமல் சந்தைக்குப் போகும். இந்த எதிர்பார்ப்புகளில் எதுவுமே மிகையில்லை. ஆனாலும், தார் போட்ட இரண்டாவது மழைக்காலத்திலேயே ஓரம் உடைந்து, நடுவில் பள்ளம் விழுந்து, பழைய சரளையே மேல் என்று சொல்லவைக்கும் சாலைகளும் உலகெங்கும் இருக்கின்றன. நன்றாக நிற்கும் சாலையிலும் உடைந்த சாலையிலும் மேலே ஊற்றிய தார் பெரும்பாலும் ஒன்றேதான். வேறுபாடு அதற்கு அடியில் இருக்கிறது. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்குகிறதா என்பதிலும் இருக்கிறது.

போக்குவரத்து குறைந்த சாலைகளுக்குப் போடும் தார்ப்பூச்சின் கனம் பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. வரைதான். இவ்வளவு மெல்லிய படலம் லாரியின் எடையைத் தாங்காது. எடை அதன் வழியே இறங்கிக் கீழே உள்ள கல் அடுக்குக்கும், அங்கிருந்து தரைமண்ணுக்கும் போகிறது. தாரின் வேலை இரண்டு: மேலிருந்து தண்ணீர் இறங்காமல் தடுப்பது, சக்கரம் கல்லைப் பெயர்க்காமல் பிடித்து வைப்பது. வீட்டுக்குக் கூரை எப்படியோ அப்படி. சுவர் நிற்காத இடத்தில் நல்ல கூரை வேய்ந்து பயனில்லை. சாலை மேம்பாட்டுக்கு ஒதுக்கும் பணமும் கவனமும் எங்கே போக வேண்டும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சரளை எங்கே போகிறது

சரளைச் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் பொருளை அப்புறப்படுத்திவிட்டுத்தான் போகிறது. நுண்மண் புழுதியாகப் பறக்கிறது. பெரிய கற்கள் ஓரத்துக்கு எகிறுகின்றன. மிச்சத்தை மழை வாய்க்காலுக்கு இழுத்துச் செல்கிறது. சரளையின் தரம், மழையின் அளவு, வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டுக்கு 10 முதல் 30 மி.மீ. வரை மேற்பரப்பு தேய்வது வழக்கம். 5 மீட்டர் அகலச் சாலையில் 25 மி.மீ. தேய்ந்தால், ஒரு கிலோமீட்டருக்கு 125 கன மீட்டர் சரளை போய்விட்டது என்று பொருள். அத்தனையையும் எங்கோ ஒரு குழியிலிருந்து வெட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போட வேண்டும். பக்கத்துக் குழிகள் தீரத் தீர, ஏற்றிவரும் தூரம் கூடிக்கொண்டே போகும். நல்ல சரளை மறுபடி விளையும் பொருளும் இல்லை. சரளைச் சாலை மலிவு என்று போடும் கணக்கில் பெரும்பாலும் இந்தச் செலவு விட்டுப்போகிறது.

சரளைச் சாலையில் போனவர்களுக்குத் தெரிந்த இன்னொரு தொல்லை, குறுக்கே அலை அலையாக எழும் மேடு பள்ளம். கிரேடர் வைத்துச் சமன்செய்தாலும் சில வாரங்களில் அதே அலை திரும்ப வந்துவிடும். வேலை சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். நிகோலா தாபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்கெல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் சுழலும் மணல் தளத்தின்மேல் சக்கரத்தை உருட்டி இதை ஆராய்ந்து, 2007இல் ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் அலை எழுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் எழுகிறது, அதற்குக் கீழே எழுவதில்லை. அந்த வேகமோ யாரும் அன்றாடம் ஓட்டத் தயாராக இல்லாத அளவுக்குக் குறைவு. உதிரிக் கல்லும் மண்ணும் மேலே இருக்கும்வரை அலையும் இருக்கும். கிரேடரால் அதைத் தள்ளிப்போட மட்டுமே முடியும்.

புழுதியைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சாலையோரத்தில் குடியிருக்காதவர்கள். நுண்துகள் நுரையீரலுக்குள் போகிறது, ஓர வயல்களின் இலைகளில் படிகிறது, முன்னால் போகும் வண்டியின் பின்னால் வருபவரின் பார்வையை மறைக்கிறது. கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளைத் தெளித்தால் அவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துப் புழுதியை ஓரளவு அடக்கும். நல்ல மழை பெய்தால் கரைந்துபோகும். வறண்ட காலத்தில் வீடுகளை ஒட்டிய சில நூறு மீட்டருக்கு இது உதவும், முழுச் சாலைக்கும் தீர்வாகாது.

எத்தனை வண்டி ஓடினால் தார்?

ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓடினால் தார் போடுவது லாபம் என்ற கேள்விக்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்ல முடியாது. வளரும் நாடுகளில் 200 வண்டிக்கு மேல் என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் உள்ளூர்ச் சரளையையே அடித்தளமாகப் பயன்படுத்தி மெல்லிய தார்ப்பூச்சு போட்டுப் பார்த்த அனுபவம் அந்த எண்ணை 100க்கும் கீழே கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் 50இலிருந்து 500 வரை சொல்கிறார்கள். சரளை கிடைக்கும் தூரம், மழை, லாரிகளின் பங்கு என எல்லாம் மாறும்போது விடையும் மாறத்தான் செய்யும்.

இந்தக் கணக்கைப் போடும் முறை முக்கியம். தார் போட ஆகும் முதல் செலவை, ஒருமுறை சரளை கொட்டும் செலவோடு ஒப்பிட்டால் தார் ஒருபோதும் ஜெயிக்காது. இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அதற்குள் எத்தனை முறை கிரேடர் ஓட்டுவோம், எத்தனை முறை மறுபடி சரளை கொட்டுவோம், அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் எரிபொருளுக்கும் மக்கள் தங்கள் கையிலிருந்து எவ்வளவு செலவழிப்பார்கள் என்று எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கடைசியாகச் சொன்ன செலவு அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் வராது. அதனாலேயே அது கண்டுகொள்ளப்படுவதில்லை. உண்மையில் பல சாலைகளில் பெரிய செலவு அதுதான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமப்புறச் சாலை வசதியை அளக்க உலக வங்கி 2006இல் முன்வைத்த அளவுகோல், வீட்டிலிருந்து 2 கி.மீ. தூரத்துக்குள் எல்லாப் பருவத்திலும் செல்லத்தக்க சாலை இருக்கிறதா என்று கேட்கிறது. 2 கி.மீ. என்பது ஏறக்குறைய இருபது முதல் இருபத்தைந்து நிமிட நடை. எல்லாப் பருவத்திலும் என்றுதான் இருக்கிறது, தார்ச்சாலை என்று இல்லை. வடிகாலும் சிறுபாலங்களும் ஒழுங்காக உள்ள சரளைச் சாலை இந்த அளவுகோலில் தேறும். மழைக்கு ஓடை பெருகினால் மூழ்கிப்போகும் தார்ச்சாலை தேறாது. பணம் குறைவாக இருந்தால் பத்து கிலோமீட்டர் சரளையைத் தாராக்குவதா, வேறோர் ஊருக்கு இல்லாத பாலத்தைக் கட்டுவதா என்று கேட்டுப்பார்க்க வேண்டும். பாலம் என்பதே என் விடை.

தண்ணீர்தான் முதல் எதிரி

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் சாலைகளைச் சீரமைத்த ஜான் மெக்காடம் ஓர் எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியின் எடையைக் கடைசியில் சுமப்பது தரைமண். அதை உலர்வாக வைத்திருந்தால் அது எந்த எடையையும் தாங்கும். சாலையைச் சுற்றியுள்ள தரையைவிட உயர்த்தி, மேலே உடைத்த கல்லை இறுக்கி, தண்ணீரை ஓரத்துக்கு ஓடவிடுவதே அவர் வழி. எந்திரமும் தாரும் எத்தனை வந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

சரளைச் சாலையின் நடு முதுகு ஓரத்தைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 4 முதல் 6 செ.மீ. சரிவு தேவை. தார் போட்ட பரப்பில் தண்ணீர் வேகமாக வழியும் என்பதால் 2.5 முதல் 3 செ.மீ. போதும். இதைச் சொல்வது எளிது. நடைமுறையில் பழைய சரளைச் சாலையின் முதுகு பல ஆண்டு கிரேடர் வேலையில் தட்டையாகியிருக்கும். பல இடங்களில் நடு தாழ்ந்து ஓரம் உயர்ந்து, சாலையே வாய்க்காலாக மாறியிருக்கும். அப்படி மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்துபோன சாலைக்குமேல் அப்படியே தார் போடுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. ஓரத்து மண் உயரமாக இருப்பதால் மழைநீர் வெளியேற வழியில்லாமல் தாரின் விளிம்பிலேயே நிற்கிறது. அங்கிருந்து அடித்தளத்துக்குள் இறங்குகிறது.

தென்பகுதி ஆப்பிரிக்க மேம்பாட்டுச் சமூகம் 2003இல் வெளியிட்ட குறைந்த போக்குவரத்துச் சாலைகளுக்கான வழிகாட்டி இதற்கு ஓர் அளவு தருகிறது. சாலையின் நடு முதுகுக்கும் ஓர வாய்க்காலின் அடிமட்டத்துக்கும் இடையே குறைந்தது 75 செ.மீ. உயர வேறுபாடு இருக்க வேண்டும். மீட்டர் அளவுகோலும் ஒரு கயிறும் இருந்தால் யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய அளவு இது. சமவெளியில் இந்த உயரம் கிடைக்காவிட்டால் மண் கொட்டிச் சாலையைத் தூக்க வேண்டும், அல்லது வாய்க்காலை ஆழமாக்கி அது எங்கே போய் வடியும் என்பதையும் காட்ட வேண்டும். வடியும் இடம் இல்லாத வாய்க்கால் சாலைக்குப் பக்கத்தில் வெட்டிய குளம்தான்.

தார் போட்ட பிறகு மண்ணின் ஈரம் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. சரளைச் சாலை மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துவிடும். மேலே தார் வந்துவிட்டால் காய வழியில்லை. நடுப்பகுதியில் ஈரம் ஏறக்குறைய நிலையாக இருக்கும். ஆனால் விளிம்பிலிருந்து உள்ளே சுமார் ஒரு மீட்டர் வரை மழைக்காலத்தில் ஈரம் ஏறி, கோடையில் இறங்கும். தார் 3 மீட்டர் அகலம் மட்டுமே என்றால், லாரியின் வெளிச்சக்கரம் ஓடுவது சரியாக அந்த ஈரப் பட்டையில். ஓரம் முதலில் உடைவதற்குக் காரணம் இதுதான். தாரைச் சக்கரத் தடத்துக்கு வெளியேயும் நீட்டிப் போட்டால், அதாவது ஓரத்தையும் மூடினால், ஈரம் ஏறும் பட்டை சக்கரத்துக்கு வெளியே போய்விடும். அகலத்துக்குச் செலவழிக்கும் பணம் கனத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிடப் பல இடங்களில் அதிக ஆண்டுகளைத் தரும்.

சாலையைக் குறுக்கே கடக்கும் குழாய்ப்பாலங்களையும் தாருக்கு முன்பே முடிக்க வேண்டும். உள்ளே மண் அடைத்தால் தோண்டியெடுக்க வசதியாக 60 செ.மீ.க்குக் குறையாத குழாய் நல்லது. குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எதுவாக இருந்தாலும் அப்போதே குறுக்கே வெற்றுக்குழாய் பதித்து வைத்துவிட வேண்டும். தார் போட்ட ஆறே மாதத்தில் குறுக்கே வெட்டி மூடிய தடம் ஒன்று வந்துவிட்டால், சாலை உடையத் தொடங்கும் இடம் அது என்று இன்றே சொல்லிவிடலாம்.

நல்ல சரளை, நல்ல அடித்தளம் ஆகாது

பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி இது. சரளைச் சாலையின் மேற்பரப்புக்கு ஏற்ற பொருளும், தாருக்கு அடியில் இருக்க வேண்டிய பொருளும் ஒன்றல்ல. மேற்பரப்புச் சரளையில் கொஞ்சம் களிமண் கட்டாயம் வேண்டும். அந்தப் பசைதான் வறண்ட காலத்தில் கற்களைப் பிடித்து வைக்கிறது. பசை இல்லாத சரளை சீக்கிரமே உதிர்ந்து, அலை அலையாகிவிடும். தாருக்கு அடியில் கற்களைப் பிடித்து வைக்கத் தார் இருக்கிறது. அங்கே களிமண் ஈரத்தை உறிஞ்சி இளகும், எடை ஏறும்போது குழையும். அதனால் பல ஆண்டு நன்றாக உழைத்த சரளை மேற்பரப்பு என்பதற்காக அதன்மேல் நேராகத் தார் ஊற்றினால், அந்த நல்ல குணமே கெடுதலாகிவிடலாம்.

அதற்காகப் பழைய சரளையைத் தோண்டி எறிய வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக வண்டிகள் ஓடி இறுகிய பழைய சாலை பெரிய சொத்து. அதைக் கலைக்காமல் கீழடுக்காக வைத்துக்கொண்டு, மேலே 100 முதல் 150 மி.மீ. களிமண் குறைந்த கல் அடுக்கு போடுவது ஒரு வழி. களிமண் மிகுந்த சரளை என்றால் சுண்ணாம்பும், மணல் மிகுந்தது என்றால் சிமென்ட்டும் சிறிதளவு கலந்து பதப்படுத்துவது இன்னொரு வழி. எது சரி என்பது மண்ணைச் சோதிக்காமல் தெரியாது.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கூம்பு முனையுள்ள இரும்புக் கம்பியை மண்ணில் நிறுத்தி, 8 கிலோ எடையை 575 மி.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கம்பி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறிக்கும் கருவி ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் பல கிலோமீட்டரைச் சோதித்துவிடலாம். இறங்கும் ஆழம் திடீரென்று கூடும் இடங்கள் சாலையின் பலவீனங்கள். பெரும்பாலும் அவை வயல் தண்ணீர் கசியும் இடம், பழைய குளக்கரை, அடைபட்ட குழாய்ப்பாலம் என்று உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்களாகவே இருக்கும். சோதனையை மழைக்காலத்தின் முடிவில் செய்ய வேண்டும். கோடையில் களிமண்கூடக் கல் மாதிரி நிற்கும். அந்த எண்ணை நம்பித் திட்டம் போட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

அடுத்தது இறுக்கம். அமெரிக்காவில் அணைகளுக்கு மண் இறுக்கும் வேலையில் இருந்த ரால்ஃப் ப்ராக்டர் 1933இல் காட்டியது, மண் மிக நன்றாக இறுகுவதற்கு ஒரு குறிப்பிட்ட ஈர அளவு உண்டு என்பதை. அதைவிடக் காய்ந்திருந்தால் துகள்கள் நகர்ந்து நெருங்காது, நனைந்திருந்தால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் லாரி வராமல் ரோலர் மட்டும் ஓடும் வேலை அரைகுறையாகவே முடியும். 150 மி.மீ.க்கு மேல் கனமான அடுக்கை ஒரே தடவையில் போட்டு, எடை குறைந்த ரோலரை ஓட்டினாலும் அப்படித்தான். மேலே இறுகியதுபோல் தெரியும், கீழே பொலபொலவென்று இருக்கும். இறுக்கிய அடித்தளத்தைத் தார் போடும் முன் சில நாள் காயவிட வேண்டும் என்பதும் முக்கியம். இறுக்குவதற்குச் சேர்த்த தண்ணீர் வெளியேறாமல் மேலே தார் போட்டு மூடினால், அது உள்ளேயே இருந்து அடித்தளத்தை இளக்கும். அவசரப்பட்டு நாள் குறித்த திறப்பு விழாக்கள் இந்தச் சில நாட்களைத்தான் தின்றுவிடுகின்றன.

எடையின் கணக்கு

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே, சோதனைக்காகவே கட்டிய சாலைகளில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த முடிவு இன்றும் சாலை வடிவமைப்பின் அடிப்படை: ஓர் அச்சின் எடை எவ்வளவு கூடுகிறதோ, சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். எடை இரட்டிப்பானால் சேதம் 16 மடங்கு. 20 சதவீதம் அதிகச் சுமை ஏற்றினால் சேதம் இரண்டு மடங்குக்கும் சற்று மேல். கார்களும் இரு சக்கர வண்டிகளும் எத்தனை ஆயிரம் ஓடினாலும் அடித்தளத்துக்கு ஒன்றும் ஆகாது. நாளுக்கு நான்கு கல்குவாரி லாரி ஓடினால் கதை வேறு.

சரளைச் சாலையாக இருந்தவரை அந்த வழியைத் தவிர்த்த கனரக வண்டிகள், தார் வந்ததும் குறுக்குவழியாக அதைப் பயன்படுத்தத் தொடங்கும். இதை எதிர்பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். இன்று ஓடும் வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. பக்கத்தில் குவாரி வரப்போகிறதா, மரம் வெட்டும் குத்தகை இருக்கிறதா, அறுவடைக் காலத்தில் எத்தனை பாரவண்டி வரும் என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். இவை எதுவும் இல்லாத சாலையில் நிலைமை தலைகீழ். அங்கே சாலையைக் கெடுப்பவை எடையைவிட வெயிலும் தண்ணீரும்தான். தார் காற்றோடும் வெயிலோடும் சேர்ந்து ஆண்டுக்காண்டு விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வருகிறது, வெடிப்பு விடுகிறது. அப்படிப்பட்ட சாலைக்கு அடித்தளத்தைக் கனமாக்கிப் பணத்தைக் கொட்டுவதைவிட, வடிகாலுக்கும் குறித்த காலத்தில் மறுபூச்சுக்கும் ஒதுக்குவது அறிவுடைமை.

எந்த மேற்பரப்பு

சூடாகக் கலந்து கொண்டுவந்து விரிக்கும் தார்க்கலவைதான் ‘உண்மையான’ சாலை என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. மெல்லிய சரளை அடித்தளம் ஒவ்வொரு லாரிக்கும் சற்று அமுங்கி எழும். அதன்மேல் 30 மி.மீ. கனத்தில் போட்ட விறைப்பான கலவை அந்த அசைவைத் தாங்காமல் வெடிக்கும். தாரைத் தெளித்து அதன்மேல் ஒரே சீரான ஜல்லியைப் பரப்பி உருட்டும் பூச்சு, அசைவோடு சேர்ந்து வளையும். செலவும் குறைவு. ஓர் அடுக்குப் பூச்சுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தார் போதும். இரண்டு அடுக்காகப் போட்டால் பத்து ஆண்டு வரை உழைக்கும். ஜல்லி தூசியில்லாமல் இருக்க வேண்டும், மழை வரக்கூடாது, உதிரி ஜல்லியைக் கூட்டி எடுக்கும்வரை வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும். இவற்றில் ஒன்று தப்பினாலும் ஜல்லி உதிர்ந்து போகும்.

உடைத்த ஜல்லி கிடைக்காத இடங்களுக்கு நார்வேக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். 1963 முதல் 1965 வரை அந்நாட்டுச் சாலை ஆராய்ச்சிக்கூடம் ஓட்டா பள்ளத்தாக்கில் பரிசோதித்த பூச்சு அது. மென்மையான தாரைத் தாராளமாகத் தெளித்து, அதன்மேல் பெரிதும் சிறிதும் கலந்த சாதாரணச் சரளையைக் கனமாகப் பரப்பி, ரோலரால் பலமுறை உருட்டுகிறார்கள். பிறகு அதன்மேல் ஓடும் வண்டிகளின் டயர்களே பல வாரங்களுக்குத் தாரை மேலே பிழிந்து கொண்டுவருகின்றன. தொடக்கத்தில் சாலை சரளைபோலவே தெரியும், மக்கள் ஏமாற்றமடைவார்கள். பிறகுதான் கருத்து இறுகும். போட்ஸ்வானாவிலும் கென்யாவிலும் இந்த முறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கும் பொருளுக்கேற்பச் சாலையை வடிவமைப்பது என்ற இந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

முழு நீளமும் போட வேண்டுமா

பணம் பற்றாதபோது முழு நீளத்துக்கும் மெல்லியதாகப் போடுவதைவிட, தேவைப்படும் இடத்துக்கு மட்டும் சரியாகப் போடுவது மேல். 100 மீட்டருக்கு 6 மீட்டருக்கு மேல் ஏறும் சரிவில் சரளை நிற்காது, ஒவ்வொரு மழையும் அதை அரித்துக்கொண்டு போகும். அங்கே தாரோ கான்கிரீட்டோ அவசியம். ஊருக்குள் செல்லும் பகுதி, பள்ளிக்கூட வாசல், பாலத்தின் இரு முனை, ஓடை குறுக்கிடும் தாழ்வு ஆகியவை அடுத்தவை. ஓடைத் தாழ்வில் கான்கிரீட் தரைப்பாலம்தான் சரி, தாரை வெள்ளம் உரித்துவிடும். 1930களில் இன்றைய ஜிம்பாப்வேயில் இரண்டு சக்கரத் தடங்களுக்கு மட்டும் குறுகிய தார்ப்பட்டைகள் போட்டே நூற்றுக்கணக்கான மைல் சாலையை அமைத்தார்கள். செங்குத்தான, வண்டி குறைந்த மலைப்பாதைகளில் அதே யோசனை இன்று கான்கிரீட் பட்டைகளாக வாழ்கிறது.

வேகம்

தார் வந்ததும் வண்டிகள் வேகமெடுக்கும். 40 கி.மீ. வேகத்தில் போன வண்டி 80இல் போனால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். சாலையின் வளைவுகளோ பழைய மாட்டுவண்டித் தடத்தின் வளைவுகளாகவே இருக்கும். வளைவின் உட்புறத்தில் பார்வையை மறைக்கும் புதர், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய பாலம், விளிம்பில் நிற்கும் மரம் எல்லாம் அப்படியே இருக்க, வேகம் மட்டும் கூடும். நடந்து போகும் குழந்தைகளும் மேய்ந்து திரும்பும் மாடுகளும் அதே சாலையில்தான். புதருக்கும் பாலத்துக்கும் பணம் ஒதுக்காமல், பள்ளி அருகே வேகத்தடையும் நடைபாதைக்கு ஓரமும் காட்டாமல் தார் போடும் திட்டத்தை முழுமையான திட்டம் என்று ஏற்கக்கூடாது. ஒரு குழந்தை அடிபட்ட பிறகு வேகத்தடை கேட்டு மறியல் செய்ய வேண்டிய நிலைக்கு எந்த ஊரையும் தள்ளக்கூடாது.

பிறகு யார் பார்த்துக்கொள்வது

மோசமான சரளைச் சாலையை ஒரு கிரேடரும் ஒரு ரோலரும் சில நாட்களில் ஓட்டத்தக்கதாக மாற்றிவிடும். மோசமான தார்ச்சாலைக்கு அந்த வசதி கிடையாது. வெடிப்பில் தண்ணீர் இறங்குகிறது, அடித்தளம் இளகுகிறது, சக்கரம் அழுத்தும்போது சேறு மேலே பீச்சுகிறது, தார் துண்டாகப் பெயர்கிறது. பள்ளத்தைத் தவிர்க்க வண்டிகள் ஓரத்தில் ஏறி ஓரத்தையும் உடைக்கின்றன. இது நடக்கும் முன் வெடிப்பை அடைத்து, ஏழு முதல் பத்து ஆண்டுக்குள் மறுபூச்சு பூசிவிட்டால் அடித்தளம் பல பத்தாண்டு நிற்கும். தவறினால் அடியிலிருந்து கட்ட வேண்டும். ஆப்பிரிக்காவில் பத்தாண்டுகளில் 1,200 கோடி டாலரை உரிய நேரத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிச்சமாகியிருக்கும் என்று உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு மேம்பாட்டு அறிக்கை கணக்கிட்டது.

செல்வமிக்க நாடும் இதற்கு விலக்கல்ல. பராமரிக்கப் பணமில்லாமல் தார்ச்சாலையை உடைத்துத் திரும்பவும் சரளையாக்கிய உள்ளாட்சிகள் அமெரிக்காவின் 27 மாநிலங்களில் இருப்பதை, அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் ஒன்று 2016இல் தொகுத்தது. கெட்டுப்போன தாரைவிட நல்ல சரளை பாதுகாப்பானது என்பதே அவர்களின் நியாயம். அது சரியான முடிவுதான். ஆனால் அந்த நிலைக்கு வரவிட்டது பெரிய இழப்பு. தார் போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வாருவது யார், வெடிப்பு அடைப்பது யார், முதல் மறுபூச்சு எந்த ஆண்டு, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து என்பதை எழுத்தில் கேட்டு வாங்க ஊர்மக்களுக்கு உரிமை உண்டு.

வேலை நடக்கும்போதும் ஊரார் கவனிக்க முடியும். தாருக்கு முன் வாய்க்காலும் குழாய்ப்பாலமும் முடிந்தனவா, தண்ணீர் லாரி வந்ததா, இறுக்கச் சோதனை எந்தெந்த இடத்தில் எடுத்தார்கள், அடுக்கின் கனத்தை அளந்து குறித்தார்களா, அடித்தளம் காய்ந்ததா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்ததாரர் குறைகளைத் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. அது முடிவதற்குள் ஒரு முழு மழைக்காலம் வருமாறு பார்த்துக்கொண்டு, கனமழை பெய்த மறுநாள் காலையில் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு சாலை முழுக்க நடக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் அன்றே குறித்து, அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.